திருக்கைக் கித்தார்

காஜா பெராங் பகுதிச் சிவகாமியின் கையில் இரும்பு ஒட்டத் தொடங்கியது 1957ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு. முதலில் ஒட்டியது ஒரு திருப்புளி. மேசைமேல் வைக்கப் போனாள், அது உள்ளங்கையை விட்டு இறங்கவில்லை. பிறகு மேசையில் கிடந்த ஒன்பது ஆணிகளும் ஓர் இடுக்கியும் அவள் விரல்களைப் பார்த்து ஊர்ந்து வந்து சேர்ந்தன. அந்த வாரம் மலாக்காவில் சின்ன வெங்காயம் ஒரு காட்டி எடை முப்பது காசுக்கு விற்றது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழரை வாரம் இருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவின் துணிக்கடைகள் கொடித்துணி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தன. அவள் வேலை செய்த பட்டறைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த மருந்துக்கடைக்காரர் அவள் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடம்பில் இரும்புச் சத்து மிகுந்துவிட்டது, முருங்கைக்கீரையைத் தொடாதே என்று சொல்லி, சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். பாட்டிலின் தகர மூடி அவள் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டது. மூன்று வாரம் கீரை தின்னாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. குறையாது என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு இருந்தது சத்து அல்ல, கோபம்.

சிவகாமிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்கு மாறிவிட்ட தமிழர்களான மலாக்காச் செட்டிகள் குடியிருந்த சந்தில் அம்மா மீனாச்சியோடு இருந்தாள். வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். சாமி பேரும் சில சமையல் சாமான் பேரும் மட்டும் தமிழ். அவள் அப்பா கல்யாண வீடுகளில் வயலின் வாசித்தவர். அவர் போன பிறகு வயலினை விற்றுவிட்டார்கள், ஆனால் தந்தி எங்கே சுத்தமாகப் பேசுகிறது, எங்கே மழுப்புகிறது என்று கண்டுபிடிக்கும் காது மகளிடம் தங்கிவிட்டது. பதினெட்டு வயதில் சேதுராமனின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். எரிந்துபோன காத்தாடி மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் பட்டறை அது. தமிழை அங்கேதான் பிடித்தாள், மோட்டார் பாகங்களின் பெயர்களோடு சேர்த்து. மரியாதை விகுதி மட்டும் அவளுக்குக் கடைசிவரை கைகூடவில்லை. முதலாளியையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அவள் சுற்றிய மோட்டார் திரும்பி வராது என்பதால் சேதுராமன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த 1957ஆம் வருஷம் பிப்ரவரியில் செமாபோக்கிலிருந்து ஜெயபாலன் என்பவன் ஒரு மின்சாரக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருபத்து நான்கு வயது, துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, சனி ஞாயிறுகளில் 'நீல அலைகள்' என்ற ஐந்து பேர் குழுவின் தலைவன். கப்பலேறி ஊருக்குப் போன ஓர் ஆங்கிலச் சிப்பாயிடம் வாங்கிய கித்தார். சத்தம் செத்துவிட்டது என்றான். சிவகாமி திறந்து பார்த்தாள். தந்திகளுக்கு அடியில் ஆறு காந்தத் துண்டுகளை நிறுத்தி, தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியை அவற்றைச் சுற்றி ஏழாயிரம் சுற்றுச் சுற்றியிருந்தார்கள். தந்தி அதிர்வதை அந்தச் சுருள் கேட்டு ஒலிபெருக்கிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான் விஷயம். அறுந்த சுருளை இரண்டு நாளில் சுற்றிக் கொடுத்தாள். ஆனால் அந்த இரண்டு நாளில் அவள் அந்தக் கித்தாரை மடியில் வைத்து வாசித்தும் பார்த்துவிட்டாள். பார்த்ததும் ஆச்சரியமாகிவிட்டது. இத்தனை தூரத்திலிருந்து கப்பலில் வந்த சாமான், தொடையில் நிற்காமல் வழுக்கியது. கழுத்துப் பக்கம் பாரம் இழுத்தது. விளிம்பு விலா எலும்பில் குத்தியது. தெருவில் எந்தக் காத்தாடி ஓடினாலும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்து 'ம்ம்ம்' என்று முனகியது. இதை எப்படி ஒருவரும் கேட்காமல் விட்டார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

அப்பொழுது சந்தின் பின்புறம் புயலில் ஒரு பலாமரம் சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டை அறுத்துவந்தாள். ஐந்து மாதம், பட்டறை வேலை முடிந்த பிறகு மாலை வெளிச்சம் உள்ளவரை செதுக்கினாள். சாரோங் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தொடை எங்கே வளைகிறதோ அங்கே வளைவு வைத்தாள். கை எங்கே வந்து விழுகிறதோ அங்கே மரத்தைச் சரித்தாள். கழுத்துப் பாரத்தைச் சமாளிக்க எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு வால் விட்டாள். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு வைத்து, ஒன்றை வலமும் மற்றதை இடமும் சுற்றினாள். ஒன்று பிடிக்கும் முனகலை மற்றது அழித்துவிடும், தந்தியின் குரல் மட்டும் தங்கும். முடித்து மடியில் வைத்தபோது அது அசையவில்லை. கையை எடுத்தாலும் அசையவில்லை. தட்டினால், ஆறு தந்தியும் ஆறு ஆட்களைப் போலத் தனித்தனியாகப் பேசின. பார்ப்பதற்கு மட்டும் அது எந்தப் பத்திரிகைப் படத்திலும் இருந்த கித்தாரைப் போல இல்லை. அகலமாக, ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை ஜெயபாலன் தன் ஆட்களோடு ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்க வந்திருந்தான். சிவகாமி துணியை விலக்கிக் காட்டினாள். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, இது கித்தாரா, இக்கான் பாரியா?" என்றான் ஜெயபாலன். இக்கான் பாரி என்றால் திருக்கை மீன். "புளி, மிளகா கரைச்சு ஊத்துனா அசாம் பெடாஸ் வச்சிரலாம்லா!"

ஐந்து பேரும் சிரித்தார்கள். மேளக்காரன் சிரிப்பு தாங்காமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"வாசிச்சுப் பாரு," என்றாள் சிவகாமி.

"வேணாங்க்கா. இதக் கழுத்துல மாட்டிக்கிட்டு மேடையில நின்னா மாலு ஆயிடும். மானம் போயிடும்."

"ஒரு தந்தி. ஒண்ணே ஒண்ணு தட்டு."

அவன் தட்டவில்லை. சிரிக்கட்டும், அது கிடக்கிறது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது அதற்கல்ல. ஐந்து மாதம் அவள் செய்தது காதுக்கான ஒரு சாமான். அந்த ஐந்து பேரும் பாட்டுக்காரர்கள். ஐந்து பேரில் ஒருவன்கூட அதைக் கேட்கவில்லை, கேட்காமலே முடிவு சொல்லிவிட்டார்கள். அவர்கள் சைக்கிளில் ஏறிப் போனதும் அவள் திருப்புளியை மேசைமேல் வைக்கப் போனாள்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அந்தத் திருக்கையை மலாக்காவில் கித்தார் தொட்ட எல்லோருக்கும் காட்டினாள். நாடு சுதந்திரம் அடைந்தது, பண்டார் ஹிலிர் திடலில் பட்டாசு கொளுத்தினார்கள், காசில் படம் மாறியது, பள்ளிக்கூடங்களில் புதுப் பாட்டுப் பாடினார்கள். எல்லாம் மாறியது, கித்தாரின் உருவம் மட்டும் மாறக் கூடாது என்று இந்த ஊர் ஆண்பிள்ளைகள் சத்தியம் செய்துகொண்டதுபோல் இருந்தது. தெங்கேராவில் பணக்கார பாபா சீனர் வீட்டுப் பையன் ஒருவன், தன் சட்டை நிறத்துக்கு இது ஒத்துவராது என்றான். போலீஸ் வாத்தியக் குழுவில் இருந்த ஒருவர், எந்த ஊரில் செய்தது என்று கேட்டார். காஜா பெராங் என்றதும் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். இன்னொருவர் மூன்று பாட்டு வாசித்தார். வேர்த்துக் கொட்டியது. "இதுல வாசிச்சா நான் பண்ற தப்பெல்லாம் வெளியில கேக்குது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பழைய கித்தாரின் முனகலுக்குள் போய் ஒளிந்துகொண்டார். ஊஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மீனவர், ஊரிலேயே நல்ல கை என்று பெயர் வாங்கியவர், பத்து நிமிஷம் கண்ணை மூடி வாசித்தார். முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இதைப்போல ஒன்றைத் தன் வாழ்நாளில் தொட்டதில்லை என்றார். "அப்படியானால் எடுத்துக்கொள், சும்மாவே எடுத்துக்கொள்" என்றாள் சிவகாமி மலாயில். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கூட வாசிப்பவர்கள் சிரிப்பார்கள் என்றார். அன்றைக்கு வந்த கோபத்தில் அவர் சைக்கிள் வேலியைத் தாண்டி வந்து அவள் தோளில் ஒட்டிக்கொண்டது. கேட்காமல் வேண்டாம் என்றவர்களை அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். கேட்டு, தெரிந்து, வேண்டாம் என்றவரை எப்படி மன்னிப்பது?

இப்படி ஒவ்வொருவர் வேண்டாம் என்றபோதும் இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. 1958இல் கரண்டி, 1959இல் வாணலி, அறுபதில் வீட்டின் இரும்புக் கட்டில் அவள் இருக்கும் அறைப் பக்கமாக இரண்டு அடி நகர்ந்தது. மீனாச்சி மண் சட்டியும் அலுமினியப் பானையும் வாங்கிச் சமைத்தாள். தையல் ஊசி தொலைந்தால் மகளை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாள். பட்டறையில் சேதுராமன் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, கைக்கடிகாரம் கட்டியவர்கள் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று பலகை மாட்டினார். வாசல் வழியே சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். தூங்கும்போது மட்டும் ஒட்டியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கித்தாரை எடுத்து வாசிக்கும்போதும் உதிர்ந்துவிடும். அதன் தந்திகள் இரும்புதான், ஆனால் அவள் விரலில் அவை ஒருநாளும் ஒட்டவில்லை. அந்தக் கித்தார்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. சுருளில் வைக்க நல்ல காந்தம் கிடைக்காத காலத்தில் சாதாரண இரும்புத் துண்டுகளைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, ஜெயபாலனின் சிரிப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வாள். கையைத் திறந்தால் காந்தம் தயாராக இருக்கும். அதனால் வருஷத்துக்கு வருஷம் திருக்கையின் குரல் கூடிக்கொண்டுதான் வந்தது.

1962இல் சுதந்திரத்தின் ஐந்தாம் ஆண்டுக்கு ஒரு வாத்தியக் குழுப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு வாங்கும் குழுவின் பாட்டை சிங்கப்பூரில் இசைத்தட்டாகப் போடுவார்கள் என்று சொன்னார்கள். ஜெயபாலன் சிங்கப்பூர் போய், இருந்த காசையெல்லாம் கொட்டி ஒரு சிவப்புக் கித்தார் வாங்கிவந்தான். மினுமினுக்கும் சிவப்பு, இரண்டு பக்கமும் கொம்பு, தலையில் வெள்ளைக்காரப் பெயர். படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டதும் அதுவும் 'ம்ம்ம்' என்றது. போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவன் பட்டறைக்கு வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"அக்கா, ஒரு உதவி. உங்க கித்தாரு வேணும்."

சிவகாமி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். ஐந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. திருக்கையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் திருக்கையை வாசித்துப் பார்த்தான். அவன் விரல் தப்பிய இடமெல்லாம் பளிச்சென்று கேட்டது. அவனே முகத்தைச் சுளித்தான்.

"இது என் கைக்கு அடங்காது. நீங்க வாசிங்க. நான் சிவப்பக் கையில வச்சிக்கிட்டு முன்னாடி நிக்கிறேன். நீங்க திரைக்குப் பின்னாடி."

"முன்னாடி ஒக்காந்து வாசிச்சா என்ன?"

"படத்துல இருக்கிற மாதிரி இருக்கணும்லா அக்கா. ஜனங்க கண்ணாலதான் கேக்குது. ஜெயிச்சதும் உங்களக் கூப்பிட்டு மேடையில நிப்பாட்டி, இவங்க கித்தாருதான்னு நானே சொல்றேன். சாமி சத்தியமா."

அவள் யோசித்தாள். ஒருமுறையாவது ஆயிரம் பேர் காதில் அது விழ வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் குரல் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு ஊர் தானாகத் தேடி வரும் என்று நினைத்தாள். இந்த ஒரு நினைப்புக்காக அவள் பின்னால் தன்னையே எத்தனை திட்டினாள் என்பதை எண்ணி முடியாது. சரி என்றாள்.

முதல் சுற்றில் நீல அலைகள் வென்றார்கள். இரண்டாம் சுற்றிலும் வென்றார்கள். நீலத் திரைக்குப் பின்னால் ஆணி இல்லாத பிரம்பு முக்காலியில் உட்கார்ந்து சிவகாமி வாசித்தாள். முன்னால் ஜெயபாலன் இடுப்பை ஒடித்து, சத்தமில்லாத சிவப்புக் கித்தாரைத் தடவினான். இரண்டு முறையும் கைதட்டல் ஓய்ந்ததும் அவள் தன் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறையும் "கடைசிச் சுற்றில் சொல்றேன்க்கா" என்றான். பத்திரிகையில் அவன் படத்தைப் போட்டு, சிவப்புக் கித்தாரின் தூய்மையான குரல் என்று எழுதினார்கள். அடுத்த வாரமே ஊரில் மூன்று பேர் அதே சிவப்புக் கித்தார் வாங்கினார்கள். மூன்று பேரும், சத்தம் அதுபோல வரவில்லை, பழுதுபார்த்துக் கொடு என்று சிவகாமியிடமே கொண்டுவந்தார்கள். அவள் மூன்றையும் வாங்கி மேசைமேல் வைத்தாள். அவர்கள் நின்றிருந்த இடத்திலிருந்து பெல்ட் கொக்கிகள் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன. அன்று மாலை பட்டறையைப் பூட்ட முடியவில்லை. சாவி அவள் கையை விட்டு வராததால் சேதுராமன் வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

கடைசிச் சுற்று ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு. பண்டார் ஹிலிரில் ஒரு மண்டபம்; ஆயிரத்து இருநூறு பேர் இருப்பார்கள். மேடையின் ஓரத்தில் மூன்று நடுவர்கள் இரும்பு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஜெயபாலனிடம், இந்தச் சத்தத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார். திரைக்குப் பின்னால் சிவகாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஜெயபாலன் ஒலிவாங்கியின் அருகே குனிந்து, "ஒரிஜினல் சரக்கு சார்," என்றான். "வெளியூர்லேர்ந்து வந்தது. இந்த மாதிரி செய்ய நம்ம ஊர்ல ஆளு கெடயாது."

ஆயிரத்து இருநூறு பேரும் கைதட்டினார்கள்.

சிவகாமி எழுந்து போகவில்லை. வாசிக்காமல் விட்டு அவனை ஊமையாக நிறுத்தவும் இல்லை. அப்படிச் செய்தால் தண்டனை கித்தாருக்குத்தான். மேளக்காரன் தாளம் கொடுத்தான், அவள் தொடங்கினாள். அதுவரை அவள் கோபத்தோடு வாசித்ததே இல்லை. முதல் அடியில் மண்டபத்துக் காத்தாடிகளின் இறக்கைகள் வேகம் குறைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன. இரண்டாம் அடியில் சிவப்புக் கித்தாரின் ஆறு தந்திகளும் கழுத்தை விட்டு எழும்பி, நாணலைப் போலத் திரைப்பக்கம் வளைந்தன. மூன்றாம் அடியில் கித்தாரே திரும்பியது. அதன் வார் ஜெயபாலனின் கழுத்தில் கிடந்ததால் அவனும் திரும்பினான். புதுச் சப்பாத்தின் குதிகாலைப் பலகையில் ஊன்றிப் பார்த்தான். பலகையில் இரண்டு கோடு விழுந்ததே தவிர நிற்க முடியவில்லை. ஒலிவாங்கிக் கம்பம் அவனை முந்திக்கொண்டு போயிற்று. மேளத்தின் தாங்கிகள் போயின. நடுவர்களின் நாற்காலிகள் வரிசை கலையாமல் நகர்ந்தன; மூவரும் மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள். திரையின் வளையங்கள் தெறித்து, நீலத் துணி மொத்தமும் ஒரு கும்பாரமாக இறங்கியது. அங்கே சாரோங் கட்டிய ஒரு பெண் பிரம்பு முக்காலியில் உட்கார்ந்து, வால் நீண்ட ஒரு மரத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததை ஆயிரத்து இருநூறு பேரும் பார்த்தார்கள். பாட்டு நாலரை நிமிஷம். அவள் ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்தாள். அந்த நாலரை நிமிஷத்தில் ஒரு தப்புகூட இல்லை, இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

ஜெயபாலன் சிவப்புக் கித்தாருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தான்.

"அக்கா, விடுங்கக்கா," என்றான்.

"நான் பிடிக்கலயே தம்பி," என்றாள் சிவகாமி. "நீதான் ஒட்டிக்கிட்டு இருக்கே."

திரைக்குப் பின்னால் ஆள் வைத்த குற்றத்துக்காக நீல அலைகளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். பரிசு தெங்கேராக் குழு ஒன்றுக்குப் போனது. அவர்களும் சிவப்புக் கித்தார்தான் வைத்திருந்தார்கள். மறுநாளிலிருந்து பட்டறை வாசலில் கூட்டம். சிவகாமி முதலில், ஊர் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஊர் வந்தது கரண்டி ஒட்டுவதைப் பார்க்க. ஆளுக்கொரு கரண்டி கொண்டுவந்திருந்தார்கள். கித்தாரைப் பற்றிக் கேட்ட இரண்டொருவரும், சத்தம் நன்றாகத்தான் இருந்தது, அந்த வாலை மட்டும் நறுக்கிவிட்டால் என்ன என்றார்கள். பத்திரிகை, சிவப்புக் கித்தார் தானாக நடந்தது என்று எழுதியது. அதைப் படித்துவிட்டு இன்னும் நான்கு பேர் சிவப்புக் கித்தார் வாங்கினார்கள்.

செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரில் வாத்தியக் கடை வைத்திருந்த கணேசமூர்த்தி என்பவர் கார் பிடித்து வந்தார். போட்டியன்று மண்டபத்தில் இருந்தவர், நல்ல காது உள்ளவர், மரியாதை தெரிந்தவர். நூறு கித்தார் வேண்டும் என்றார். சேதுராமன் கணக்கு நோட்டைத் தேடத் தொடங்கினார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் உங்களது," என்றார் கணேசமூர்த்தி. "வெளிப்பக்கம் மட்டும் அந்தச் சிவப்பு மாதிரி செஞ்சு குடுங்க. தலையில ஒரு வெள்ளக்காரப் பேரு போட்டுக்கலாம். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா. சத்தம் உங்க சத்தந்தானே?"

"நீ கேட்டியா, இல்ல பாத்தியா?" என்றாள் சிவகாமி.

"கேட்டேம்மா. அதான் வந்திருக்கேன்."

"இந்தச் சத்தம் இந்த வால்லேர்ந்து வருது, இந்த வளைவுலேர்ந்து வருது. வால வெட்டுனா நிக்காது. நிக்கலன்னா கை அத நிப்பாட்டத்தான் போகும், வாசிக்கப் போகாது. எனக்குக் கண்ணுக்குக் கித்தாரு செய்யத் தெரியாது. நீ போ."

கணேசமூர்த்தி நல்ல மனிதர்தான். இன்னொரு முறை கேட்டார், வருத்தத்தோடு. அவர் தோல்பெட்டியின் பூட்டு அவள் கையில் வந்து விழுந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தாள். பிடுங்கி எடுக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

முதல் கித்தாரை வாங்கியது மல்லிகா. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டே சேலை அளந்து போடுகிற பெண். கடைக் காத்தாடியின் மோட்டாரை எடுத்துப்போக வந்தவள், கால் வலிக்கிறது என்று பிரம்பு முக்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிடந்த திருக்கையை, இது என்ன என்று மடியில் எடுத்து வைத்தாள். அவள் கித்தார்ப் படம் எதையும் பார்த்தவள் இல்லை. பார்த்திருந்தாலும் அந்தப் படங்களில் அவளைப் போன்ற ஒருத்தி இருக்கப்போவதில்லை. கொம்பு இல்லையே, வால் இருக்கிறதே என்று ஒப்பிட அவளிடம் எதுவும் இல்லை.

"நம்ம ஒக்காந்தா அதுவும் ஒக்காந்துக்கிடுது," என்றாள். பிறகு ஒரு தந்தியைத் தட்டினாள். ஓசை அடங்கும்வரை தலையைச் சாய்த்திருந்து, மறுபடி தட்டினாள். "இது எவ்வளவு நேரம் கேக்குது!"

சிவகாமி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

மல்லிகாவுக்குப் பிறகு செட்டி சந்தில் இரண்டு பெண்கள், ஒரு தாதி, ஆயர் குரோவில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த அக்காள் தங்கை இருவர் என்று 1964 முடிவதற்குள் பதினொரு திருக்கைகள் போயின. அவர்களில் ஒருவரும் மேடை ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பாயில் உட்கார்ந்து, பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல் எதையோ வாசிப்பார்கள். வெளியே போகிற கித்தார்க்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, நின்றதை யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜெயபாலன் துறைமுக அலுவலகத்தில் பெரிய குமாஸ்தா ஆனான். சிவப்புக் கித்தார் அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது, காஜா பெராங் இருக்கும் திசையில் ஒரு விரற்கடை சாய்ந்து.

விற்கத் தொடங்கினால் அவள் கோபம் தணிந்துவிடும், இரும்பு விட்டுவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மீனாச்சி கோயிலில் ஒரு வேண்டுதல்கூட வைத்தாள். தணியவில்லை. தணிய வேண்டும் என்று சிவகாமிக்கும் தோன்றவில்லை. பதினொரு பேர் வாங்கியதால் கேட்காமல் சிரித்தவர்கள் கேட்டவர்களாகிவிட மாட்டார்கள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தவர் நிமிர்ந்துவிடவும் மாட்டார். கோபம் அவளுக்குப் பாரமாக இல்லை. உடம்போடு இருந்தது, அவ்வளவுதான். கோயில்காரர்கள் வெண்கல விளக்குகளை மட்டும் அவள் வரும் வழியில் வைத்தார்கள். சந்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு யாரும் எச்சரிக்கவில்லை. சந்துக்காரர்கள் மரக் கால் வைத்த நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டு, அவளை வா உட்கார் என்றார்கள்.

1965 மார்ச்சில் அந்தச் சந்தில் வடிகால் வெட்டுவதற்காக நில அளவையாளர் ஒருவர் முக்காலியும் திசைகாட்டியும் கொண்டுவந்தார். காலை முழுக்க அளந்தார், கணக்கு இடித்தது. கோயில் பக்கம் நின்றால் ஊசி கிழக்கைக் காட்டியது, பலாமரத்து மேட்டில் நின்றால் மேற்கைக் காட்டியது. கடைசியில் ஊசி போன வழியே நடந்து வந்து ஒரு வீட்டு வாசலில் நின்றார். உள்ளே ஒரு பெண் குனிந்து மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும் உனக்கு?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அளவையாளர் திசைகாட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வடக்கு வேணும்க்கா," என்றார்.

சிவகாமி உளியால் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே காட்டினாள். "அந்தப் பக்கம்."

அவர் நன்றி சொல்லி, திசைகாட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் காட்டிய வடக்கை வைத்தே அளந்து முடித்து, குறிப்பேட்டில் அந்தச் சந்துக்கு நேரே, ஊசி உதவாது, சிவகாமியிடம் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதினார். வடிகால் ஜூன் மாதம் கட்டி முடிந்தது. தண்ணீர் சரியாகத்தான் ஓடுகிறது.